சான்று ஒருவர் பெயரில், வேனில் வந்தவர் வேறொருவர்: ஒரு நிகழ்வு ஆய்வு

உழக்கை எடுக்க அரிசி டப்பாவுக்குள் கையை விட்டபோது ஓர் அட்டை தட்டுப்பட்டது என்றார் அந்த அம்மா. உள்ளங்கை அகலம் இருக்கும். லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டிய அட்டை. அதில் எங்கள் மஞ்சள் வேனின் படம்.

அவர் மகனுக்கு 24 வயது. ஆட்டிசம் உண்டு; பேச்சு இல்லை. காலையில் என்னென்ன நடக்கும் என்பதை வீட்டுச் சுவரில் ஒரு பலகையில் படம் படமாக ஒட்டி வைத்திருப்பார்கள். பல் துலக்குவது, குளியல், இட்லி, வேன், பள்ளி என்று வரிசை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கழற்றுவான். வேன் படத்தை மட்டும் அவன் கழற்றி ஒளித்து வைத்திருக்கிறான். காணாமல் போய் ஒன்பது நாளாம். புதிதாக ஒன்று அச்சடித்துத் தரும்படி எங்களிடம் அவர் கேட்டும் இருந்தார். நாங்களும் அச்சடித்துக் கொடுத்தோம். ஏன் தொலைந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நங்கநல்லூர் பக்கம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பகல்நேர மையத்தில் நான் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். குழந்தைகளும் வருகிறார்கள், பதினெட்டு தாண்டியவர்களும் வருகிறார்கள். நடந்ததைப் பற்றி அறங்காவலர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையின் விரிவு இது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் எடுக்கவில்லை: 'போலீஸ் வெரிபிகேஷன் முடிந்தது' என்று அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

நடந்தது

எங்கள் வேன் பள்ளிக்கரணையில் கிளம்பி, கைவேலி, மடிப்பாக்கம் வழியாக வரும். வண்டி, டிரைவர், உதவியாளர் மூன்றும் ஒரு டிராவல்ஸ்காரரின் ஒப்பந்தம். உதவியாளரின் வேலை பிள்ளைகளை ஏற்றி இறக்குவது, பெல்ட் போடுவது, யாராவது வாந்தி எடுத்தால் துடைப்பது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். ஆசிரியர் இல்லாத, அம்மா இல்லாத, கேமரா இல்லாத இரண்டு மணி நேரம் அது.

மழைக்காலம். மழை பெய்தால் வேன் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவது இவன் வழக்கம். நான்கு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பழைய உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலை நாலு விரல் அளவுக்குத் திறந்துவிட்டு, அவன் விரல் நனைய விடுவார். புதிதாக வந்தவர் தோளில் கிடந்த துண்டால் அவன் வலது மணிக்கட்டை முன் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஐந்து வாரம்.

கையில் சிவந்த கோடு ஒன்றை அம்மா பார்த்திருக்கிறார். வாட்ச் வார் அழுத்திய தடம் என்று நினைத்தாராம். அரிசி டப்பாவில் அட்டை கிடைத்த அன்று இரவுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. வாட்ச் கட்டுவது இடது கையில்.

மறுநாள் காலை அவர் மகனை அனுப்பவில்லை. நேரில் வந்தார். வேனில் வரும் பிள்ளைகளில் பின் சீட்டில் உட்காரும் 11 வயதுப் பெண் ஓரளவு பேசுவாள். எங்கள் சிறப்பாசிரியர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேன்ல அண்ணா எங்க உக்காருவாரு?" அவள் வாயால் பதில் சொல்லவில்லை. தன் கையை நாற்காலிக் கம்பியோடு சேர்த்து வைத்துக் காட்டினாள். பிறகு தன் காதைத் திருகிக் காட்டினாள். அத்தோடு நிறுத்திவிட்டோம். மேலே துருவிக் கேட்பது எங்கள் வேலை இல்லை. ஆளாளுக்குத் திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தை நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பழகிவிடும்.

கோப்பில் இருந்தது

டிராவல்ஸ்காரருக்குப் போன் போடும் முன் கோப்பை எடுத்தேன். எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆதார் நகல், விண்ணப்பம், ஒட்டிய புகைப்படம், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாக வாங்கிய சரிபார்ப்பு அறிக்கை. எந்த வழக்கும் இல்லை.

புகைப்படத்தில் இருந்தவர் வேறு ஆள்.

வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அக்டோபர் நடு வரை உதவியாளர் தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போலக் குண்டு குண்டாக. அதன் பிறகு அதே பெயரின் நேரே ஒரு கிறுக்கல். பெயரை எங்கள் காவலாளியே எழுதிவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து போடுப்பா" என்று நீட்டியிருக்கிறார். ஆள் மாறியது அவருக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியும். காலை 8.50க்கு வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொள்ளும் இரண்டு ஆயாம்மாக்களுக்கும் தெரியும். "அவரு மச்சான்தான் மேடம், அவரு ஊருக்குப் போயிருக்காரு" என்றார்கள், ஏதோ எனக்கும் தெரிந்திருக்கும் என்பது போல. தெரியாதது எனக்கும் கோப்புக்கும்தான்.

விசாரித்ததில் கதை சாதாரணமானது. பழைய உதவியாளரின் மனைவிக்கு விழுப்புரத்தில் பிரசவம். டிராவல்ஸ்காரர் விடுப்புக்குச் சம்பளம் தருவதில்லை. ஆளில்லாமல் போனால் இடமும் போய்விடும். ஆகவே தன் அடையாள அட்டையை மச்சானிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். வேலை கைவிட்டுப் போகக்கூடாது என்பதைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

டிராவல்ஸ்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "மேடம், நீங்க குடுக்கற காசுக்கு ஆள் கிடைக்கறதே பெரிய விஷயம். நல்ல பையன்தான், ஹாஸ்டல்ல வேலை பாத்தவன்னு சொன்னாங்க" என்றார். முதல் பாதியில் நியாயம் இருந்தது. மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, மிகக் குறைந்ததற்கு ஒப்பந்தம் கொடுத்தவர்கள் நாங்கள்.

அந்தப் போன்

ஹாஸ்டல் என்ற சொல் காதில் நின்றது. எந்த ஊர், எந்த விடுதி என்று வாங்கிக்கொண்டு, அவர்கள் கொடுத்த கைபேசி எண்ணை விட்டுவிட்டு, விடுதி அலுவலகத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு மூச்சு இழுத்துவிடும் சத்தம். பிறகு வார்டன் கேட்டார்:

"அவனா... இப்ப எங்கம்மா இருக்கான்?"

பதில் இந்தக் கேள்வியிலேயே இருந்தது. பையன்களை அடித்திருக்கிறார். ஒருவனுக்குக் காது ஜவ்வு கிழிந்து சிகிச்சை வரை போயிருக்கிறது. கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். புகார்? "குடுக்கலம்மா. பசங்க பேரு வெளிய வரும், விடுதி பேரும் கெடும். அனுப்பிட்டா போதும்னு விட்டுட்டோம்."

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது ஆள் மாறாட்டம் அல்ல, இதுதான். அந்த மச்சானையே முறையாக விண்ணப்பிக்க வைத்து, அவர் பெயரிலேயே காவல்துறை அறிக்கை வாங்கியிருந்தாலும் அதுவும் சுத்தமாகத்தான் வந்திருக்கும். புகார் இல்லை, எப்.ஐ.ஆர். இல்லை, ஆகவே பதிவில் ஆளே இல்லை. காவல்துறைச் சரிபார்ப்பு என்பது தமிழ்நாட்டுக் காவல்துறையின் ஆவணத்தில் என்ன ஏறியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்வது. ஏறாததை அது எப்படிச் சொல்லும்? விடுதி மூடி மறைத்ததை என் கோப்பு 'குறை எதுவுமில்லை' என்று மொழிபெயர்த்துக்கொண்டது.

இங்கிலாந்தில் இதே ஓட்டை வழியாக ஒரு கொலைகாரர் பள்ளி வேலைக்கு நுழைந்தார். 2002 ஆகஸ்டில் சோஹம் என்ற சிற்றூரில் இரண்டு பத்து வயதுச் சிறுமிகளைக் கொன்றவர், அங்குள்ள ஒரு பள்ளியின் பராமரிப்பாளர். வேறொரு காவல் மாவட்டத்தில் அவர் மேல் பாலியல் புகார்கள் பல வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. வேலைக்கு வேறு குடும்பப் பெயரில் விண்ணப்பித்தார். பழைய பெயரில் காவல்துறைச் சோதனை நடக்கவே இல்லை. 2004இல் பிச்சர்ட் விசாரணைக் குழு இதையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாக எடுத்து வைத்தது. 2006இல் தனிச் சட்டம் வந்தது. 2012 டிசம்பர் முதல் இதற்கென்றே தனி அமைப்பு இயங்குகிறது. குழந்தைகளோடும் ஆதரவு தேவைப்படும் பெரியவர்களோடும் வேலை செய்யக்கூடாதவர்களின் தடைப் பட்டியல் அதன் கையில் இருக்கிறது. ஒருவரைத் தீங்கு காரணமாக வேலையை விட்டு நீக்கினால், தண்டனை இல்லாவிட்டாலும், அந்த அமைப்புக்குத் தெரிவிப்பது அங்கே நிறுவனத்தின் சட்டக் கடமை. அந்த விடுதி வார்டனுக்கு அப்படித் தெரிவிக்க ஒரு முகவரி இல்லை. இந்தியாவில் 2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் இருக்கிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளோடு தொடங்கியது. அதைப் புலனாய்வு அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். பள்ளியோ விடுதியோ நேரடியாகத் தட்டிப் பார்க்க வழியில்லை.

ஒரே சீட்டில் இரண்டு சட்டம்

குழந்தைகள் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் போக்சோ. 2020 மார்ச் 9 முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளில் மூன்றாவது விதி, பள்ளி, குழந்தைக் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக் கூடம் என்று குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமானாலும் ஊழியர் ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் செய்ய வேண்டும் என்கிறது. ஆசிரியரா இல்லையா, நிரந்தரமா ஒப்பந்தமா என்ற பேதம் இல்லை. இன்னொரு சொல்லும் அதில் உண்டு, எல்லோரும் தாண்டிப் போய்விடும் சொல்: 'குறிப்பிட்ட கால இடைவெளியில்'. ஒரு தடவை வாங்கிக் கோப்பில் போட்டுப் பூட்டுவதற்கு அல்ல. அதோடு, விதி கேட்பது இரண்டு: சரிபார்ப்பு வேறு, பின்னணி விசாரணை வேறு. நான் முதலாவதை வாங்கிவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நம் பையனுக்கு 24 வயது. போக்சோவுக்கு அவன் குழந்தை அல்ல. 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தது. மூளை முடக்குவாதம் உள்ள, மன வளர்ச்சியில் சிறு பிள்ளை போன்ற 38 வயதுப் பெண்ணின் வழக்கு. போக்சோவில் வயது என்றால் உடலின் வயதுதான், மனதின் வயது அல்ல என்று தீர்ப்பு வந்தது. ஆக எங்கள் வேனில் பின் சீட்டுப் பெண்ணுக்காக உதவியாளரைச் சரிபார்ப்பது விதி. முன் சீட்டுப் பையனுக்காகச் சரிபார்ப்பது எங்கள் நல்ல மனசு. ஒரே ஆள், ஒரே துண்டு.

தண்டிக்கச் சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறது. குழந்தைகளைக் கொடுமைப்படுத்தினால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஊழியரே செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். இரண்டும் நாங்கள் கொடுத்த புகாரில் இருந்தன. இவை எல்லாம் நடந்த பிறகு வருபவை. முதியோர் வீடுகளுக்கு அனுப்பப்படும் ஹோம் நர்ஸ்களின் நிலையும் இதுதான். வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுக்குள் கொண்டுவரும் ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை.

ஒப்பந்த ஆட்கள் பற்றிச் சென்னைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018இல் அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமிக்கு நடந்த கொடுமையில் கைதான 17 பேரில் லிப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று அந்தக் கட்டடத்துக்குத் தினமும் வந்து போனவர்கள் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகும், 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளி வளாகத்திலேயே போலி என்.சி.சி. முகாம் நடந்து, மாணவி பாதிக்கப்பட்டாள். அந்த முகாமுக்கும் என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே தேவைப்பட்டது காவல்துறை அறிக்கைகூட அல்ல, என்.சி.சி. அலுவலகத்துக்கு ஒரு போன்.

பிறகு செய்தது

அன்றே காவல் நிலையம் போனோம். அதற்கு முன் வேனில் வரும் ஒன்பது வீட்டாரையும் தனித்தனியாக அழைத்துச் சொன்னோம். அறங்காவலர் ஒருவர், "முதல்ல உள்ளுக்குள்ள விசாரிச்சிடலாமே" என்றார். விடுதியும் அப்படித்தான் யோசித்தது என்றேன். பாலியல் குற்றம் என்ற சந்தேகம் இருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை. போக்சோ 19ஆம் பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும், நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. இங்கே அந்தச் சந்தேகம் இல்லை என்று தீர்மானிப்பதும் எங்கள் வேலை இல்லை என்பதால் பார்த்ததை, கேட்டதை அப்படியே எழுதிக் கொடுத்தோம்.

நடைமுறையில் நாங்கள் மாற்றியதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வேன் கதவின் உட்புறம் டிரைவர், உதவியாளர் இருவரின் படமும் பெரிதாக ஒட்டியிருக்கிறது. காலையில் வண்டி கிளம்பும் முன் இருவரும் அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ பெற்றோர் வாட்ஸாப் குழுவுக்கு வரும். பதிலி ஆள் என்று மூன்று பேரை முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவரும் இல்லாத நாளில் அலுவலகத்திலிருந்து யாராவது வேனில் ஏறுவோம். இதுவரை நான் ஏழு நாள் போயிருக்கிறேன். ஒப்பந்தத்தில் மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று சேர்த்து, அதற்கான பணத்தையும் சேர்த்தோம். அந்த ஒரு வரி முன்பே இருந்திருந்தால் அடையாள அட்டை கை மாறியிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பழைய வேலையிடத்துக்குப் போன் செய்வதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. "ஆள் எப்படி?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் ஒரே பதில்தான்: "நல்ல பையன் சார்." யாருடைய பிழைப்பையும் கெடுத்த பாவம் வேண்டாம் என்ற நினைப்பு. இப்போது வேறு மாதிரி கேட்கிறோம். எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் நின்றார், நின்றதா நிறுத்தியதா, பிள்ளைகளோடு தனியாக விட்டிருக்கிறீர்களா, நாளைக்கே திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா. கடைசிக் கேள்விக்கு உடனே 'கண்டிப்பா' என்று வந்தால் ஒரு மாதிரி, இரண்டு நொடி கழித்து வந்தால் வேறு மாதிரி. அந்த இரண்டு நொடியையும் குறித்துவைக்கிறோம்.

இருக்கும் ஊழியர்களுக்கும் புதிதாகச் சரிபார்ப்பு என்று சொன்னபோது ஒரு மூத்த ஆயாம்மா அழுதுவிட்டார். "பதினாலு வருஷமா இந்தப் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டறேன். இப்ப என்னை ஸ்டேஷன்ல விசாரிக்கணுமாம்மா?" நான் என் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன், என்னுடையதும் இயக்குநருடையதும்தான் முதலில் போயிருந்தன. "நானுமா?" என்று கேட்ட அறங்காவலரும், கொஞ்சம் முகம் சுளித்து, கையெழுத்திட்டார்.

ஒரு டிரைவரின் அறிக்கையில் வழக்கு ஒன்று வந்தது. பழைய சாலை மறியல் வழக்கு. கூப்பிட்டுக் கேட்டோம், ஆவணத்தைப் பார்த்தோம், வைத்துக்கொண்டோம். எந்த வழக்கு என்று பார்க்காமல் 'வழக்கு உண்டு' என்ற இரண்டு சொல்லுக்கு ஆளை அனுப்புவது சோம்பேறித்தனம். சிறுவயதில் இளைஞர் நீதி வாரியத்தில் முடிந்துபோன விஷயத்தை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக்கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவே சொல்கிறது. அதை நாங்கள் நேர்காணலில் குறுக்குவழியாகக் கேட்பதும் இல்லை.

பையன் ஏழு வாரம் கழித்து மையத்துக்குத் திரும்பினான். அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுகிறார். பலகையில் இப்போது ஸ்கூட்டர் படம்.

பழைய உதவியாளரை நாங்கள் திரும்ப எடுக்கவில்லை. ஊரில் தன் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து வாசலில் ரொம்ப நேரம் நின்றார். துண்டு விஷயம் தெரிந்து உடைந்துபோனார். போன வாரம் தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எனக்குப் போன். அங்கே வேன் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாராம்.

"ஆள் எப்படி மேடம்?"

சேர்ந்த தேதி, நின்ற தேதி சொன்னேன். பிள்ளைகளோடு பொறுமையாக இருப்பார் என்றேன், அது உண்மை. ஐந்து வாரம் தன் அட்டையை இன்னொருவரிடம் கொடுத்ததையும், அதனால் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். அவர் மனைவியின் பிரசவத்தையும் விடுப்பில்லாத ஒப்பந்தத்தையும் சேர்த்தே சொன்னேன். மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம்.

"ஆனா மேடம், போலீஸ் வெரிபிகேஷன்ல ஒண்ணும் இல்லையே? கிளியரா இருக்கே?"

"ஆமா," என்றேன். "அது என்கிட்டயும் இருக்கு."